மடிக்கணினி விழிக்கும் வரை

அவர் லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் இளைஞராகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். அதே நிறுவனத்தின் அலுவலகத்தில் நான் இருந்தேன். தொலைபேசியில் வரும் புகார்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, உரிய ஆளை உரிய கட்டடத்துக்கு அனுப்புவது என் வேலை. ஆகவே பல ஆண்டுகள் நாங்கள் ஒருவருக்கொருவர் பெரும்பாலும் குரல்களாகவே இருந்தோம். ஓய்வுக்குப் பிறகு ஒரே தெருவில் குடியிருக்க நேர்ந்தபோதுதான் அந்தக் குரலுக்கு உரிய முகத்தோடு நன்றாகப் பழகினேன். மாலையில் இருவரும் சேர்ந்து நடக்கப் போவோம். தெருவில் எல்லோரும் அவரை லிஃப்ட்காரர் என்றே அழைக்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

லிஃப்ட் நின்றுவிட்டது என்று வரும் புகார்கள் குறைவு. வர மாட்டேன் என்கிறது, நின்று நின்று கால் வலிக்கிறது என்று வருபவையே மிகுதி. லிஃப்ட்காரர் இதை வைத்துத் தமக்கென ஓர் இலக்கணம் வகுத்துக்கொண்டிருந்தார். புகார் என்றால் பழுது. பழுது என்றால் ஆராய்ச்சி கூடாது, சரிசெய்ய வேண்டும். சரிசெய்பவன் வந்து போனதே யாருக்கும் தெரியக்கூடாது. வேலை ஒழுங்காக முடிந்ததா என்று அறிய லிஃப்ட் வாசலைப் பார்த்தால் போதும். அங்கே யாரும் நிற்காவிட்டால் முடிந்தது என்று பொருள்.

இந்த இலக்கணத்துக்கு அவரே ஒருமுறை விலக்குத் தேடினார். பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் மிக மெதுவாக ஏறியிறங்கியது. உரிமையாளர் மோட்டாரை மாற்றச் சம்மதிக்கவில்லை. முதல் மாடியில் இருந்த பல் மருத்துவரின் அறையில் ஒரு பெரிய மீன் தொட்டி இருந்தது. லிஃப்ட்காரர் மருத்துவரிடம் கெஞ்சிக் கூத்தாடி அதைக் கீழே கொண்டுவந்து லிஃப்ட் வாசலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அதன்பின் அந்தக் கட்டடத்திலிருந்து அழைப்பே வரவில்லை. அவர்களுடைய தொலைபேசிதான் பழுதாகிவிட்டதோ என்று நானே அழைத்துக் கேட்டேன்.

காவலாளி எடுத்தார். "லிஃப்ட் அப்படியேதான் சார் இருக்கு. ஜனங்கதான் மாறிட்டாங்க. வந்து நிக்கற லிஃப்டை விட்டுட்டு மீனைப் பாத்துக்கிட்டிருக்காங்க."

இதை அறிந்த மனிதர்தான் பிறகு நான் சொல்லப்போகும் தவறைச் செய்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மனைவி காலமான பின் அவரும் மகனும் மட்டும் அந்த வீட்டில் இருந்தார்கள். பிறகு மருமகள் வந்தாள். மகன் விடிந்ததும் வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புவான். மாமனாரும் மருமகளும் நாள் முழுவதும் ஒரே கூரையின் கீழே இருந்தார்கள். வந்த புதிதில் அவர்களுக்கு இடையில் நடந்த உரையாடல், "சாப்பிட்டீங்களா மாமா?" "ஆச்சும்மா" என்பதோடு முடிந்துவிடும். அவர் இயல்பாகவே பேச்சுக் குறைந்தவர். அவளோ மாமனாரிடம் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று அளந்து பார்த்தே களைத்துப் போகிறவள்.

மருத்துவர்கள் வாயால் சொல்லிப் பதிவுசெய்யும் குறிப்புகளைக் கேட்டு அப்படியே தட்டச்சு செய்து அனுப்புவது அவளுடைய வேலை. வீட்டிலிருந்தபடியே செய்வாள். அதற்காக அவளிடம் இருந்தது கல்லூரி நாட்களில் வாங்கிய பழைய மடிக்கணினி. காலையில் அதன் விசையை அழுத்திவிட்டால், அது முனகி, உறுமி, உள்ளே எதையோ உருட்டிப் புரட்டி, ஒருவழியாகக் கண் விழிக்கத் தேநீர் கொதித்து ஆறும் நேரம் ஆகும். அந்த நேரத்தில் அவள் சமையலறைக்கு வந்து மேடையில் சாய்ந்து நிற்பாள். அங்கே அவர் தேநீர் வடிகட்டிக்கொண்டிருப்பார்.

பேச்சு அப்படித்தான் தொடங்கியது. அவர் கண் வடிகட்டியில் இருக்கும். அவள் கண் வாசல் வழியே மேசைமேல் இருக்கும் மடிக்கணினியில் இருக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. எந்த நொடியிலும் அந்தக் கருவி எழுந்து இசைத்துப் பேச்சை முடித்துவைக்கும் என்பதால், எதைத் தொடங்கினாலும் பாதியில் விட்டுவிடும் உரிமை இருவருக்கும் இருந்தது. கூச்சம் உள்ளவர்களுக்கு அது பெரிய வசதி.

"ஒரு டாக்டர் பேசறப்பவே எதையோ மெல்றார் மாமா" என்பாள். "இதயம்னு சொல்றாரா, பிஸ்கெட்னு சொல்றாரான்னே புரியல."

"ரெண்டையும் எழுதிடு. படிக்கறவன் பாத்துக்கட்டும்."

"நோயாளிக்கு பிஸ்கெட் லேசா வீங்கியிருக்குன்னு எழுதினா என்னைத்தான் வீட்டுக்கு அனுப்புவாங்க."

"நீ வீட்லதானே இருக்க. இன்னும் எங்க அனுப்புவாங்க?"

அவர் தம் பங்குக்கு, கட்டிலோடு லிஃப்டில் மாட்டிக்கொண்டவரின் கதையைச் சொன்னார். மீட்கப் போனபோது அவர் அந்தக் கட்டிலிலேயே படுத்து உறங்கிக்கொண்டிருந்தாராம். எழுப்பியதற்குக் கோபித்துக்கொண்டாராம். இப்படி நாளுக்கொரு துண்டாக ஒரு வருடத்துக்கு மேல் பேசியதில், அவள் தாயின் முழங்கால் வலி அவருக்கும், அவர் மனைவி கடைசிக் காலத்தில் கேட்டுக்கொண்டிருந்த வானொலி நிகழ்ச்சி அவளுக்கும் தெரிந்துபோயின. மகனுக்குக்கூட அந்த நிகழ்ச்சியின் பெயர் தெரியாது. "அவ பேசறது என் வீட்டுக்காரி திட்டற மாதிரியே இருக்கு சார்" என்று ஒரு மாலை அவர் என்னிடம் சொன்னார். அவர் அகராதியில் அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

இந்தக் காலைப் பேச்சில் மடிக்கணினியைப் பற்றிய புலம்பலும் தவறாமல் இடம்பெறும். ஒரு வெள்ளிக்கிழமை அது சற்று நீண்டது.

"இதை வெச்சுக்கிட்டு இனிமே முடியாது மாமா. ஆபீஸ்ல திட்டு. நேத்து பாதி வேலையில அப்படியே உறைஞ்சு போச்சு. இதைத் தூக்கிப் போட்டு மிதிக்கலாம்போல இருக்கு."

"மிதிச்சா காலுக்குத்தான் சேதம்."

அவள் சிரித்தாள். பிறகு விரலால் மேடையின் விளிம்பைத் தடவினாள்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"சட்டுனு கேக்கற விஷயம் இல்ல. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது…"

மேசையில் மடிக்கணினி தன் வழக்கமான இசையை எழுப்பியது.

"பாருங்க, என்னிக்கும் எழுந்துக்காதது இன்னிக்குன்னு பாத்து எழுந்துடுச்சு" என்று சொல்லி அவள் கப்பை எடுத்துக்கொண்டாள். "அம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்து திங்கக்கிழமை கேக்கறேன்."

அன்று மாலை நடையில் லிஃப்ட்காரர் மிகுந்த உற்சாகத்தில் இருந்தார். புது மடிக்கணினி வாங்க வேண்டும் என்று கேட்கத்தான் மருமகள் தயங்குகிறாள் என்று அவர் முடிவுசெய்துவிட்டார். புகார் வந்துவிட்டது, பழுது தெரிந்துவிட்டது. இனி அந்தப் பெண் வாய்விட்டுக் கேட்கும் நிலையே வரக்கூடாது.

"வேற ஏதாவது விஷயமா இருந்தா?" என்று கேட்டேன்.

"வேற என்ன சார் இருக்கப்போகுது? அதைத் திட்டிக்கிட்டே இருந்தவதான் உடனே ஒண்ணு கேக்கணும்னு சொன்னது. ரெண்டும் ஒரே விஷயம்தான்."

மறுநாள் கணினிக் கடைக்கு என்னையும் அழைத்துப்போனார். கடையை நடத்துபவர் ஒரு நடுவயதுப் பெண். மடிக்கணினியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பென்ஷன் வாங்கற வயசு ஐயா. புதுசே வாங்கிடலாமே" என்றார்.

"நானும் பென்ஷன் வாங்கறவன்தான். என்னை யாரும் இன்னும் மாத்தலையே?"

"உங்களுக்கு உதிரி பாகம் கிடைக்காது. இதுக்குக் கிடைக்கும்" என்று சொல்லி அவர் ஒரு சிறு டப்பாவை எடுத்து வைத்தார். "ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு இந்த எஸ்எஸ்டியைப் போடுங்க. பழசுல ஒரு தட்டு சுத்தும், ஒரு கை அதுமேல ஓடி ஓடித் தேடும். அதான் அவ்வளவு நேரம். இதுல சுத்தறதும் இல்ல, ஓடறதும் இல்ல."

லிஃப்ட்காரர் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார். காதருகே வைத்து ஆட்டியும் பார்த்தார். "அசையற பாகமே கிடையாதா?"

"கிடையாது."

"அப்போ ரிப்பேர்காரனுக்கு என்ன வேலை?"

"மாத்தறதுதான் வேலை. அதையும் நீங்களே பண்ணிக்கறேங்கறீங்க. நான் ஈ ஓட்ட வேண்டியதுதான்."

பழைய ஹார்ட் டிஸ்க்கில், அதாவது வன்தட்டில், உள்ளதை அப்படியே புதியதில் படியெடுக்கும் ஒரு கருவியையும் அவர் இரவல் தந்தார். இரண்டு செருகுவாய்கள் கொண்டது. ஒன்றில் பழையதையும் மற்றதில் புதியதையும் நிறுத்திப் பொத்தானை அழுத்த வேண்டும். "வாய் மாத்திப் போட்டுடாதீங்க ஐயா. காலி டிஸ்க் போய் பழசையும் காலி பண்ணிடும். அப்புறம் உங்க மருமக என்னைத் தேடி வருவாங்க."

மதிய வெளிச்சத்தில், சாப்பாட்டு மேசைமேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்து அவர் வேலையைத் தொடங்கினார். மின்கம்பியைப் பிடுங்கினார். அடியிலிருந்த பேட்டரியைத் தள்ளிக் கழற்றினார். மிச்சமிருக்கும் மின்சாரமும் வடியட்டும் என்று விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தார். அடிமூடியின் திருகுகள் நீளத்தில் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. ஒரு தாளில் மூடியின் உருவத்தை வரைந்து, எந்தத் துளையிலிருந்து எது வந்ததோ அந்த இடத்திலேயே அதைக் குத்தி நிறுத்தினார். மூடியின் விளிம்பில் பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றைச் செருகி மெல்ல நெம்பினார். உள்ளே தகரத் தொட்டிலில் வன்தட்டு படுத்திருந்தது. அதைப் பக்கவாட்டில் இழுத்து எடுத்து, மாறிப்போகக் கூடாது என்று அதன்மேல் ஒரு நூலைச் சுற்றிக் கட்டினார்.

செருகுவாய்களில் பொருத்தியபின் பொத்தானை அழுத்தும் முன்பு மூன்று முறை சரிபார்த்தார். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து முடியும்வரை அருகிலேயே உட்கார்ந்திருந்தார். வன்தட்டின்மேல் விரலை வைத்து, "ஓடுது சார், கடைசி ஓட்டம்" என்றார். பிறகு புதியதைத் தகரத் தொட்டிலில் திருகிப் பொருத்தினார். அது பழையதைவிடத் தடிமன் குறைந்தது. ஆடாமலிருக்க, கூடவே வந்த சட்டத்தை அண்டை கொடுத்து ஒட்டி, இணைப்புமுனையில் சரியாக உட்காரும்வரை தள்ளினார். மூடியைப் போட்டுத் திருகுகளை அவற்றின் துளைகளிலேயே முடுக்கினார்.

பேட்டரியை மாட்டி விசையை அழுத்தினார். மடிக்கணினி முனகவில்லை, உறுமவில்லை. நாங்கள் நிமிர்ந்து உட்காருவதற்குள் விழித்துக்கொண்டது. நம்ப முடியாமல் அணைத்து மீண்டும் போட்டார். பிறகு எனக்குக் காட்ட இன்னொரு முறை. அவ்வளவு மகிழ்ச்சியான முகத்தோடு அவரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. நூல் கட்டிய வன்தட்டைத் தம் பழைய உதிரிபாகங்கள் கிடக்கும் தகர டப்பாவில் பத்திரப்படுத்தினார்.

திங்கட்கிழமை காலை மருமகள் விசையை அழுத்திவிட்டு, வழக்கம்போலச் சமையலறையை நோக்கி அடியெடுத்து வைத்தாள். முதுகுக்குப் பின்னால் இசை எழுந்தது. திரும்பிப் பார்த்தாள்.

"என்ன மாமா பண்ணீங்க இதை?"

"ஒண்ணும் பண்ணல. கொஞ்சம் புத்திமதி சொன்னேன்."

அவள் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். தாயைத் தொலைபேசியில் அழைத்து, "மாமா என் லேப்டாப்புக்கு உயிர் குடுத்துட்டாரும்மா" என்றாள். பிறகு காதுகளில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையில் மூழ்கினாள். சமையலறை மேடையருகே யாரும் நிற்கவில்லை. இத்தனை கால வழக்கத்தில் அந்த வெறுமையைப் பார்த்து அவருக்குப் பெருமிதமே உண்டாயிற்று. வேலை ஒழுங்காக முடிந்திருக்கிறது.

சில நாட்கள் கழித்துத்தான் உறைத்தது. தேநீர்க் கப்பை அவரே மேசைக்கு எடுத்துப்போவார். அவள் ஒரு காதை மட்டும் விடுவித்து, "தேங்க்ஸ் மாமா" என்பாள். மறுபடி காதை மூடிக்கொள்வாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கருவி வேகம் பிடித்ததும் நிறுவனம் கூடுதல் வேலை தந்தது. அவள் எழுந்ததும் உட்காருவாள். முடித்ததும் படுக்கப் போவாள். மாலை நடையில் அவர், "வீட்ல சத்தமே இல்ல சார்" என்றார். வன்தட்டின் உறுமலைச் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவள் அன்று கேட்க நினைத்ததைக் கேட்டாளா என்று விசாரித்தேன். "அதான் செஞ்சு குடுத்துட்டேனே" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகனும் மருமகளும் வெளியே போயிருந்தபோது, அவர் மீண்டும் மேசைமேல் வெள்ளைத் துணியை விரித்தார்.

தொழிலில் இருந்த காலம் முழுவதும், ஓடுகிற இயந்திரத்தை அவர் ஒருபோதும் கெடுத்ததில்லை. அன்று அதைச் செய்யத் துணிந்தார். நூல் கட்டிய வன்தட்டை அப்படியே திரும்பப் பொருத்த முடியாது என்பது அவருக்குத் தெரியும். அதில் இருப்பது அந்தச் சனிக்கிழமையோடு நின்றுபோன உலகம். அதன்பின் அவள் செய்த வேலை எதுவும் அதில் இல்லை. ஆகவே ஏதோ சாக்குச் சொல்லிக் கடையிலிருந்து அந்தக் கருவியை மறுபடி இரவல் வாங்கி வந்திருந்தார். இம்முறை புதியதிலிருந்து பழையதற்குப் படியெடுக்க வேண்டும். அடிமூடியைக் கழற்றிவிட்டார். திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு, திறந்து கிடந்த மடிக்கணினியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். கை மேற்கொண்டு போகவில்லை.

மருமகள் மட்டும் முன்னதாகத் திரும்பி வந்தாள்.

"என்ன மாமா, ஏதாவது கோளாறா?"

"இல்லம்மா. தூசி தட்டலாம்னு."

"முடியட்டும், ஒரு மெயில் அனுப்பணும். இருக்கேன்" என்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் மூடியை எடுத்து வைத்து, முதல் திருகை அதன் துளையில் பொருத்தினார். அவள் அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநாட்களுக்குப் பிறகு இருவரும் ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"அங்க வாடகைக்கு வீடு முடிச்சதைப் பத்தி உங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லையே மாமா?"

"எந்த வீடு?"

அவள் திடுக்கிட்டாள். "அவர் சொல்லலையா? காலையிலயே சொல்லிடறேன்னாரே."

"மாற்றல் வரும்போல இருக்குன்னு போன வாரம் சொன்னான். அவ்வளவுதான்."

"வந்துடுச்சு மாமா. அடுத்த மாசம் போகணும். என் வேலை வேகமா நடக்கறதைப் பாத்து, அந்த ஊர் ஆபீஸ்லயே எனக்கும் எடம் குடுத்திருக்காங்க." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "அன்னிக்கு உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

"லேப்டாப்தானே?"

"லேப்டாப்பா?" அவளுக்குச் சிரிப்பு வருவதுபோல் வந்து நின்றுவிட்டது. "எங்ககூட வந்துடறீங்களான்னு கேக்கத்தான் மாமா. மாற்றல் வரும்னு அப்பவே பேச்சு இருந்தது."

அவர் இன்னொரு திருகை எடுத்தார். துளையில் அது உடனே உட்காரவில்லை.

"அவர் உங்ககிட்ட கேக்க வேண்டாம்னு நான்தான் தடுத்தேன். மகன் கேட்டா நீங்க யோசிக்காமயே 'எனக்கு இங்கதான் சௌகரியம்'னு சொல்லிடுவீங்க. நான் கேட்டா கொஞ்சமாவது யோசிப்பீங்கன்னு நெனச்சேன். அப்புறம் அதுக்கு ஒரு வேளையே அமையல. எதிர்ல உக்காந்து நேருக்கு நேரா கேக்க எனக்கு வரல மாமா. அதுக்குள்ள அந்த வீட்டு ஓனர் அவசரப்படுத்தினார். இவரும் 'அப்பா எங்க வரப்போறார்'னார். ரெண்டு பேருக்குப் போதும்னு சின்ன வீடா முடிச்சிட்டோம்."

"நல்லதும்மா. சின்ன வீடுன்னா பெருக்கறது சுலபம்."

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. ஹால்ல ஒரு கட்டில் போட்டா…"

"ஹால்ல கட்டில் போட்டா வர்றவங்க நோயாளி இருக்கற வீடுன்னு நெனப்பாங்க. நீயே பிஸ்கெட் வீங்கியிருக்குன்னு எழுதுவ."

அவள் சிரிக்கவில்லை. "முன்னாடியே கேட்டிருந்தா வந்திருப்பீங்களா மாமா?"

கடைசித் திருகு பாக்கி இருந்தது. அவர் அதை எவ்வளவு மெதுவாக முடுக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக முடுக்கினார். "எத்தனாவது மாடி?" என்று கேட்டார்.

"ஏழாவது. லிஃப்ட் இருக்கு. ஆனா ரொம்ப மெதுவாம்."

"மெதுவான லிஃப்ட் நல்லதும்மா" என்று சொல்லி மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். அவள் விசையை அழுத்தியதும் அது விழித்துக்கொண்டது.

வந்திருப்பேன் என்பதுதான் அவருடைய விடை. என்னிடம் சொன்னார். அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, வீடு முடிந்தபின் அதைச் சொன்னால் அவள் அந்தச் சின்ன வீட்டில் ஒருநாளும் நிம்மதியாக இருக்கமாட்டாள் என்றார்.

அவர்கள் போனார்கள். அங்கே போனபின் ஒரு நன்மை விளைந்தது. மருமகள் அலுவலகத்துக்குப் புறப்பட்டு ஏழாவது மாடியில் லிஃப்டுக்காக நிற்பாள். நிற்கிற நேரத்தில் மாமனாரை அழைப்பாள். அவரும் அந்த வேளைக்குத் தேநீரோடு தயாராக இருப்பார்.

"மாமா, லிஃப்ட் இப்பதான் ரெண்டாவது மாடி. எதிர் வீட்டுக்காரர் ஜோசியம் சொல்றார், இன்னிக்குள்ள வந்துடுமாம்."

"அவரைப் படியில எறங்கச் சொல்லு. தொப்பை கொறையும்."

"மெதுவா பேசுங்க, பக்கத்துலதான் நிக்கறார்."

லிஃப்ட் வந்து கதவு மூடியதும் இணைப்பு அறுந்துபோகும். நிகழ்ச்சி முடிந்துவிட்டதுபோல் அவரும் கப்பைக் கழுவி வைப்பார். அந்தக் கோடைக்காலம் முழுவதும் அவர் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. அவள் அன்று சொன்னதை மாலையில் எனக்குத் திருப்பிச் சொல்வார். எதிர்வீட்டுக்காரரை நான் கண்ணால் பார்த்ததில்லை. தெருவில் வந்தால் அடையாளம் கண்டுகொள்வேன்.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒருநாள் அவள், லிஃப்ட் இன்னும் மோசமாகிவிட்டது என்றாள். கதவு மூடுகிறதாம், திறக்கிறதாம், மறுபடி மூடி யோசித்துவிட்டுத்தான் கிளம்புகிறதாம். தொலைபேசியைக் கதவருகே பிடிக்கச் சொன்னார். கேட்டார். அவருக்கு விளங்கிவிட்டது. கதவு முழுமையாக மூடியதா என்று இயந்திரத்துக்குச் சொல்லும் தொடுமுனை தேய்ந்துவிட்டது. அதனால்தான் ஒவ்வொரு மாடியிலும் அவ்வளவு தாமதம். அது சிறிய பழுது, எளிதாக மாற்றிவிடலாம். மாற்றாவிட்டால் ஒருநாள் நடுவழியில் நின்றுபோகலாம். மூடாத கதவோடு நகரவும்கூடும்.

அன்று அவர் அதை அவளிடம் சொல்லவில்லை. "பாக்கலாம்மா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மாலை என்னோடு நடக்கும்போது வழக்கத்துக்கு மாறாக வேகமாக நடந்தார். தெருமுனையில் நின்றார். "ஒரு நாள் தள்ளிப்போட்டுட்டேன் சார். அவ அதுலதான் ஏறி எறங்கறா. தெரிஞ்சே தள்ளிப்போட்டேன்." அங்கேயே நின்று மகனை அழைத்தார். எந்தப் பாகம், எங்கே இருக்கும், பராமரிப்பவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சரியாகும்வரை அவளைப் படியில் இறங்கச் சொல் என்றும் சொன்னார்.

ஒரு வாரத்துக்குள் சரியாகிவிட்டது. மருமகள் அலுவலகம் போய்ச் சேர்ந்தபின் அழைத்தாள். "மாமா, பட்டனை அமுக்கினதும் ஓடி வந்து நிக்குது. எதிர் வீட்டுக்காரர் உங்களுக்குச் சிலை வைக்கணுங்கறார்."

"வைக்கட்டும். நிக்க எடம் இருக்குல்ல, லிஃப்ட் வாசல்ல."

அதன்பின் காலை அழைப்புகள் அரிதாகி நின்றன. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அழைக்கிறாள். சாவகாசமாகப் பேச நிறைய நேரம் வைத்துக்கொண்டு அழைக்கிறாள். சாப்பிட்டீர்களா, மழை பெய்ததா, மாத்திரை போட்டுக்கொண்டீர்களா என்று கேட்கிறாள். "வேற என்ன மாமா?" என்கிறாள். "ஒண்ணுமில்லம்மா, நீ சொல்லு" என்கிறார் அவர். இருவரும் கொஞ்ச நேரம் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிடுகிறார்கள்.

சென்ற வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தகர டப்பாவைத் திறந்து ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். நூல் கட்டிய வன்தட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். மீண்டும் உள்ளே வைத்தார்.

"சார், அந்தக் கட்டடத்துல லிஃப்ட் வாசல்ல நல்ல எடம் இருக்காம். ஒரு மீன் தொட்டி வாங்கி வைக்கச் சொல்லலாமான்னு பாக்கறேன்."

"லிஃப்ட்தான் சரியாயிடுச்சே" என்றேன்.

"ஆமா சார், சரியாயிடுச்சு" என்று டப்பாவை மூடினார். "யாரு நின்னு பாக்கப்போறாங்க."